ஊரில் இருப்பவரைப் படிக்க வையுங்கள்

கொங்குக் கிராமப் பள்ளிகளுக்கு உளவியலாளர்கள் எங்கிருந்து வருவார்கள்? நகரத்திலிருந்து வரமாட்டார்கள். அங்கேயே உருவாக்குவதற்கான படிப்பு எப்படி இருக்க வேண்டும்?

தமிழகப் பள்ளிக் கல்வித்துறை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, முன்பு ஒருமுறை நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியபோது, அன்றைக்கிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து விட்ட வேன்கள் 10. வேனுக்கு ஓர் உளவியலாளர். தமிழகத்தில் அரசுப் பள்ளிகள் மட்டும் சுமார் 37,000. எல்லாப் பள்ளிகளுக்கும் போவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு வேனுக்கு 3,700 பள்ளிகள். நாளுக்கு ஒரு பள்ளி, ஆண்டுக்கு 200 வேலை நாள் என்றால் ஒரு சுற்று முடிய 18 ஆண்டுகள் ஆகும். ஒன்றாம் வகுப்பில் வேனைப் பார்த்த பிள்ளை, அது மறுபடி வரும்போது பிளஸ் டூ முடித்து வேலைக்கே போயிருக்கும். பிறகு வந்தவை தொலைபேசி எண்கள். 104 இருக்கிறது, பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது, 2022 முதல் மனநலத்துக்கென்றே 14416 இருக்கிறது. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று புகார்ப்பெட்டிகளும் வைத்தார்கள். எதையும் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவை அனைத்திலும் ஒரு பொதுவான குறை உண்டு: பிள்ளை ஓரிடத்தில் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் வேறெங்கோ இருக்கிறார்.

தேவை எவ்வளவு என்பதில் சந்தேகமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அந்த வயதில் 300 பேர் படிக்கும் ஒரு பள்ளியில் இது இருபது பேருக்கும் மேல். உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலை 25 அன்று, சுக்தேவ் சாஹா வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்துவிட்டது. ஆணை வந்துவிட்டது, ஆள்தான் இல்லை. நகரத்தில் பட்டம் வாங்கியவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி இந்த இடங்களை நிரப்ப முடியாது. கிராமத்தில் ஏற்கெனவே வாழ்கிறவர்களை, அவர்கள் வேலையையும் வீட்டையும் விடாமல், முறையாகப் படிக்க வைத்தால்தான் முடியும். அந்தப் படிப்பு நேரத்திலும் இடத்திலும் வளைந்துகொடுக்க வேண்டும், பயிற்சியில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளுபடி தரக்கூடாது.

ஆறுதல் சொல்வது பாதி வேலைதான்

பள்ளி உளவியலாளர் என்றதும் நினைவுக்கு வருவது, அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் ஒருவர். அது வேலையில் ஒரு பகுதி. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் கேட்டால் “மண்டையில ஏற மாட்டேங்குதுங்க” என்பார்கள், வீட்டில் சோம்பேறி என்பார்கள். உளவியலாளர் அவனைத் தனியே உட்காரவைத்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். எங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொள்வார். ல, ள, ழ மூன்றும் குழம்புகின்றனவா? ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து வருகிற ‘கொ’ போன்ற எழுத்துகளில் தடுக்குகிறதா? பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அதேயளவு கதையொன்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்பார். காதால் கேட்டதைச் சரளமாகச் சொல்லி, எழுத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறான் என்றால் சந்தேகம் கற்றல் குறைபாட்டின் பக்கம் போகும். கதையும் பிடிபடவில்லை என்றால் கேள்விகள் வேறு: கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா, போன வருஷம் எத்தனை நாள் பள்ளிக்கு வந்தான், வீட்டில் பேசுவது என்ன மொழி?

கடைசிக் கேள்விக்குக் கொங்கு நாட்டில் தனி எடை உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் பேசி வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலைப்பகுதியான தாளவாடியில் கன்னடமும், அந்த மலைகளின் சோளகர் வீடுகளில் அவர்களுடைய மொழியும் புழங்குகின்றன. இந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் தடுமாறினால் அது குறைபாடு ஆகாது. இதைப் பிரித்தறியச் சோதனைத்தாள் மட்டும் போதாது. நாடு முழுக்க இன்றும் அறிவுத்திறன் எண் போடப் பயன்படும் பினே-காமத் சோதனை, கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன் தரப்படுத்தப்பட்டது. மாலின் சோதனை 1960-களில் நாக்பூரில் உருவானது. அந்த அளவுகோலை ஆனைமலைக் காடர் பழங்குடிக் குழந்தையிடம் அப்படியே நீட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பது, அந்தக் குழந்தையின் ஊரையும் பேச்சையும் அறிந்தவருக்குத்தான் விளங்கும். எண்ணில் பிழை வந்தால் விளைவும் சிறிதல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதுபவர் உண்டு. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அம்மா அலைந்து வாங்கிவிடுகிற அந்தச் சான்றிதழ், குறைபாடு இருக்கிறது என்று சந்தேகப்படவே ஆளில்லாத ஊரில் யாருக்குக் கிடைக்கும்?

ஏன் யாரும் வந்து தங்குவதில்லை

கோவை வட்டாரத்தில் உளவியல் படிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. 1982-இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் இருக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் அவினாசிலிங்கம் நிறுவனத்துக்கும் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்துக்கும் நீண்ட அனுபவம் உண்டு. எல்லாமே நகரத்திலும் அதன் ஓரத்திலும் இருக்கின்றன. இங்கே முழுநேரமாக இரண்டு வருஷம் படித்து முடிக்கும் இளைஞருக்குத் தனியார் மருத்துவமனையும் சர்வதேசப் பள்ளியும் ஐ.டி. நிறுவனமும் பக்கத்திலேயே வேலை தருகின்றன. அவர் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கோ, திம்பத்தின் 27 வளைவுகள் ஏறித் தாளவாடிக்கோ வந்து தங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. போஸ்டிங் போட்டாலும் ஆறு மாதத்தில் மாறுதலுக்கு மனு போகும். ஆசிரியர், மருத்துவர், வி.ஏ.ஓ. என்று எல்லாப் பதவிகளிலும் மலைப்பகுதிகள் பார்த்துச் சலித்த கதை இது.

மருத்துவத்தில் இதற்கு விடை தெரிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல் முதலில் வைக்கும் பரிந்துரைகள் இவை: கிராமப் பின்னணி உள்ளவர்களைத் தேர்ந்தெடுங்கள், பயிற்சியைக் கிராமத்திலேயே கொடுங்கள். அப்படிப்பட்டவர்கள்தான் கிராமத்தில் நிலைக்கிறார்கள். கொங்குக் கிராமங்களில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. வட்டார வள மையங்களில் பள்ளி பள்ளியாகப் போய் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஒரே வட்டாரத்தில் பணியாற்றும் பட்டதாரி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தமிழ்நாடெங்கும் ஊருக்கு ஊர் படித்த பெண்கள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. இவர்களுக்கு ஆர்வமும் உண்டு, பிள்ளைகளோடு பழக்கமும் உண்டு. இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளையும் மாமியாரையும் மாட்டையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கத்தான் முடியாது.

மூடப்பட்ட கதவு

இத்தகையவர்கள் உளவியலில் பட்டம் பெற இதுவரை இருந்த ஒரே வழி தொலைதூரக் கல்வி. இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று அஞ்சல்வழியில் உளவியல் முதுகலை படித்த ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர். அந்தக் கதவும் இப்போது மூடிவிட்டது. தேசிய இணைநிலை மற்றும் மருத்துவப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூர, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. உத்தரவின் பின்னால் உள்ள கவலை நியாயமானது. புத்தகத்தைத் தபாலில் பெற்று, தேர்வுக்கு முந்தின வாரம் நோட்ஸ் படித்து, ஒரு குழந்தையைக்கூடச் சோதித்துப் பார்க்காமல் எம்.எஸ்சி. உளவியல் வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தை வைத்துப் பலகை மாட்டிக்கொண்டு கவுன்சலிங் என்ற பெயரில் புத்திமதி சொல்பவர்களும் உண்டு. மனம் சம்பந்தப்பட்ட தொழிலில் இதை அனுமதிக்க முடியாது என்று ஒழுங்குமுறை அமைப்பு சொன்னால் எதிர்க்க முடியாது.

ஆனால் குறை தூரத்தில் இருந்ததா, பயிற்சி இல்லாமையில் இருந்ததா? வளாகத்தில் உட்கார்ந்து படித்தாலும், மேற்பார்வையில் குழந்தைகளைப் பார்க்காத மாணவர் அதே அரைகுறைதான். தூரத்திலிருந்து படித்தாலும், மேற்பார்வையில் போதிய குழந்தைகளைப் பார்த்தவர் தேறிவிடுவார். அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் வைத்திருக்கும் அளவுகோலில் முக்கியமானது, குறைந்தது 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் பாதியாவது பள்ளிக்குள். அந்த மணிக்கணக்கை விட்டுக்கொடுக்காமலேயே, கிராமப்புற மாநிலங்களில் வகுப்புகளை மாலையிலும் இணையத்திலும் வைத்து, களப்பயிற்சியை மாணவரின் சொந்த மாவட்டத்திலேயே நடத்தும் படிப்புகள் அங்கே உருவாகியிருக்கின்றன. அப்படியும் 500 மாணவர்களுக்கு ஒருவர் என்ற இலக்குக்கு எதிரே அந்தப் பணக்கார நாடு இன்னும் சுமார் 1,100 பேருக்கு ஒருவர் என்ற இடத்தில்தான் நிற்கிறது. எனவே இது எளிதில் முடியும் காரியமென்று யாரும் நம்ப வேண்டாம்.

அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. நம் நாட்டின் என்.சி.இ.ஆர்.டி. பல ஆண்டுகளாக நடத்திவரும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோவின் அமைப்பைப் பாருங்கள். முதல் ஆறு மாதம் வேலையில் இருந்தபடியே தொலைவழிப் படிப்பு. அடுத்த மூன்று மாதம் நேரடி வகுப்பு. கடைசி மூன்று மாதம் சொந்த ஊரிலேயே களப்பயிற்சி. தென்மாநிலங்களுக்கு இதன் மையம் மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனத்தில். தாளவாடி ஆசிரியருக்கு ஈரோட்டைவிட மைசூரு கிட்டம். வேலூர் சி.எம்.சி. 2006 முதல் நடத்தும் குடும்ப மருத்துவ டிப்ளமோவும் இதே வழியில் போகிறது: ஊரில் மருத்துவம் பார்த்துக்கொண்டே படிப்பு, குறிப்பிட்ட நாட்களில் மருத்துவமனையில் கூடிப் பயிற்சி. மருத்துவர்களுக்கே சரிப்பட்டு வரும் ஏற்பாடு உளவியலாளருக்கு ஏன் ஒத்துவராது?

இந்த அச்சில் பள்ளி உளவியலுக்கென்று ஒரு மூன்றாண்டு முதுகலைப் படிப்பை வார்க்கலாம். கோடை விடுமுறையில் நான்கு வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கி முழுநேர வகுப்பு. பள்ளி நடக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம், தாராபுரம் போன்ற ஊர்களில் நேர்முக வகுப்பு. வாரத்தில் ஒரு நாள் வட்டார வள மையத்தின் கீழுள்ள பள்ளிகளில் களப்பணி. ஒவ்வொரு குழந்தையின் கோப்பையும் பேராசிரியரோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோ வரிவரியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சிக்னல் கிடைக்காத மலைக்கிராமங்களை நினைவில் வைத்து, பாடங்களை நெட் இல்லாமலும் படிக்கும்படி தர வேண்டும். மூன்றாம் ஆண்டில் 1,000 மணி நேரத்துக்குக் குறையாத முழுநேரப் பயிற்சி, சம்பளத்துடன். இதைத் தொலைதூரக் கல்வி என்று எந்த ஆணையமும் ஒதுக்கத் தேவையில்லை. வளாகம் மாவட்டம் முழுக்க விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் சிக்கனம் பேசும். இவ்வளவு செலவு எதற்கு, ஆசிரியர்களுக்கே மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் போதாதா? இதற்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்த ‘சேஹர்’ ஆய்வின் முடிவுகள் 2018-இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். வேறு சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இதில் என் வாதத்துக்கு ஆதரவும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. உள்ளூர் ஆள் போதும் என்பது ஆதரவு. அதே ஆளிடம் வகுப்பு, எமிஸ் பதிவு, தேர்தல் வேலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உளவியலையும் சுமத்தினால் உருப்படாது என்பது எச்சரிக்கை. ஆசிரியர் படித்து முடித்தால், பாடவேளையிலிருந்து விடுவித்துத் தனிப் பதவியில் உட்காரவைக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் தொலைபேசியைக் காட்டும். 14416-இல் இரவு பகலாக ஆள் இருக்கும்போது ஊருக்கு ஊர் எதற்கு? தேர்வு முடிவு வந்த இரவில் உடைந்துபோன பிள்ளைக்கு அந்த எண் உயிர் காக்கும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அழைக்கத் தெரிந்த, கையில் போனும் தனிமையும் உள்ள பிள்ளைக்குத்தான் அது. எட்டு வயதுப் பையன் தனக்கு எழுத்து பிடிபடவில்லை என்று எந்த எண்ணுக்கும் அழைக்கமாட்டான். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பிள்ளையிடம் போனே இருக்காது.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. கொங்குக் கிராமத்தில் கூட்டம், பங்காளி, மாமன் மச்சான் என்று எல்லாரும் எல்லாருக்கும் உறவு. உள்ளூர்க்காரரிடம் ஒரு பெண் பிள்ளை மனம்விட்டுப் பேசினால், மறுநாள் அது வீட்டுக்குப் போய்விடாதா? சாதி தாண்டிய நட்பைப் பற்றிப் பேசினால் அவர் யார் பக்கம் நிற்பார்? தலித் பிள்ளை தன் தெருவுக்கு வராத ஒருவரை நம்புமா? இந்தப் பயம் உண்மையானது. ஊரைத் தெரிந்தவர் என்பது பலம், ஊருக்குக் கட்டுப்பட்டவர் என்பது ஆபத்து, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். இதைச் சமாளிக்கும் வழிகளும் உண்டு. பணியிடத்தைப் பள்ளி அளவில் போடாமல் வட்டார அளவில் போட்டு, சொந்த ஊராட்சிப் பள்ளிகளை இன்னொருவரிடம் தரலாம். சேர்க்கையில் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுவதோடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் பெண்களும் பழங்குடி, பட்டியல் சமூகத்தவரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். எதை ரகசியமாகக் காப்பது, போக்சோ சட்டத்தின் கீழ் எதைக் கட்டாயம் காவல்துறைக்குச் சொல்வது என்பதை முதல் பருவத்திலேயே தனித்தாளாக வைக்கலாம். வெளியூர்க்காரரிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவரிடம் எந்தப் பிள்ளையும் ரகசியம் சொல்வதில்லை.

பதவி இல்லாமல் படிப்பு எதற்கு

படிப்பை மட்டும் தொடங்கிவிட்டுப் பதவியை உருவாக்காமல் போனால், இன்னொரு கூட்டம் பட்டதாரிகள் சான்றிதழோடு காத்திருப்பார்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமம் மருத்துவ உளவியலாளரையும் மறுவாழ்வு உளவியலாளரையும் பதிவு செய்கிறது. பள்ளி உளவியலாளர் என்று தனி இனம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே முதல் வேலை, பதவிக்குப் பெயரும் தகுதியும் ஊதிய விகிதமும் நிர்ணயிப்பது. தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் கண்முன்னே இருக்கிறது. 2012-இல் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராடியதைத் தமிழகம் பார்த்தது. படிக்கிற ஆசிரியருக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. சனிக்கிழமையை விட்டுக்கொடுத்துப் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் யாரையும் அழைக்க முடியாது.

இதற்கான முன்மாதிரியும் தமிழகத்திலேயே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்கள் முதுநிலைப் படிப்புக்குப் போக சர்வீஸ் கோட்டா இருக்கிறது. எளிதில் போக முடியாத ஊர்களில் பணியாற்றியவர்களுக்கு முன்னுரிமை உண்டு, படித்து முடித்ததும் அரசுப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. அந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கத்தின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31-இல் உறுதி செய்தது. கிராமத்தில் வேலை பார்த்தால் படிப்பு, படித்தால் மறுபடி கிராமம் என்ற அந்த ஒப்பந்தத்தால்தான் இங்கே அரசு மருத்துவமனைகளுக்கு நிபுணர்கள் கிடைத்தார்கள். அதையே ஆசிரியர்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் நீட்டுவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லை கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள். தோட்டமும் காடும் விசைத்தறியும் பனியன் கம்பெனியும் மலைக்கிராமமும் அந்த எல்லைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இருவரைத் தேர்ந்தெடுத்து முதல் அணியைத் தொடங்கினால், மூன்றாண்டில் எது செல்லும், எது செல்லாது என்று தெரிந்துவிடும். நீதிமன்றம் கேட்கும் எண்ணிக்கைக்கு அது போதாது. ஆனால் ஆள் இல்லை என்று நீதிமன்றத்தில் பதில் மனு போடுவதற்கும், ஆளை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அந்த முதல் அணிக்கான அறிவிப்பை வெளியிட வேண்டியது பள்ளிக் கல்வித்துறையும் உயர்கல்வித்துறையும் சேர்ந்துதான். இரண்டும் ஒரே அரசின் கையில்தான் இருக்கின்றன.